முப்பது ஒற்றை இருக்கைகள்

படம் பார்ப்பவர்களில் ஒருவருக்கும் என் தம்பியின் முகம் தெரியாது. குரலைக் கேட்டால் மட்டும் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும். விண்வெளிப் படத் தொடர் ஒன்றில் வரும் கிழட்டு இயந்திர மனிதனுக்கு நம் மொழியில் பேசுபவன் அவன்தான். பதினான்கு வருஷமாக அதே வேலை. எங்கள் தெருவில் அவன் பெயர் இரும்பு மாமா.

நாலாம் பாகம் மண்ணைக் கவ்வியது. ஐந்தாவது வந்தபோது விநியோகஸ்தர் ஆபீஸில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். குடும்பங்கள் வருவது முதல் ஞாயிறு மதியக் காட்சிக்குத்தான். அதில் இருநூறு இருக்கையில் குறைந்தது நூற்றைம்பது நிரம்ப வேண்டும். இல்லையென்றால் ஆறாம் பாகத்துக்கு நம் மொழிக் குரல் கிடையாது, திரையின் அடியில் எழுத்து ஓடும். தம்பிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"எழுத்து ஓடுறதுக்குத் தொண்டை எதுக்குக்கா?" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் போனில் பார்த்தால் இருக்கைப் படம் காலியாகக் கிடந்தது. அவனிடம் சொல்லாமல் முப்பது டிக்கெட் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொண்டேன். மொத்தமாக வாங்கினால் சந்தேகம் வரும் என்று வரிசைக்கு இரண்டு மூன்றாக, நடுநடுவே தூவி வைத்தேன். அரங்கமே நிரம்பி வழிவதுபோல் தெரிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்!

ஞாயிறு மதியம் நானும் தம்பியும் போனபோது கவுன்டர் முன்னால் நல்ல வரிசை. முதல் குடும்பம் நாலு பேர்.

"சேர்ந்தாப்புல நாலு சீட் இல்லீங்க. போன்லயே நிறைய வித்துடுச்சு, மிச்சம் தனித்தனியாத்தான் இருக்கு" என்றாள் கவுன்டர் பெண்.

அவர்கள் பக்கத்து அரங்கின் சிரிப்புப் படத்துக்குப் போனார்கள். அடுத்து இன்னொரு நாலு பேர். பிறகு மூன்று பேர். போதாக்குறைக்கு, கையில் எண்ணும் கருவியோடு விநியோகஸ்தரின் ஆள் வந்து நின்றார்.

"டிக்கெட் கணக்கெல்லாம் எடுபடாதுங்க. ரசிகர்களே வாங்கிக் குவிச்சிடுறாங்க. உக்கார்ந்த தலையைத்தான் எண்ணுவேன்" என்றார்.

"எல்லாரும் ஏன்க்கா திரும்பிப் போறாங்க?" என்று கேட்டான் தம்பி.

சொன்னேன். அவன் கத்தியிருந்தால் தேவலை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"குடு. படம் போட இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

வரிசையில் நின்றவர்களிடம் டிக்கெட்டைச் சும்மாவே நீட்டினான். யாரும் வாங்கவில்லை. சும்மா கிடைப்பதை யார் நம்புவார்கள்?

"ஆறு வயசுப் புள்ளையை எப்படிங்க தனியா உக்கார வைக்கிறது?" என்றாள் ஒரு தாய்.

தம்பி குனிந்து, தொண்டையை இறுக்கினான். "ஏறிக்கொள், கேப்டன். கதவு மூடப் போகிறது."

குழந்தை வாயைப் பிளந்தது. "அம்மா, அவன்தாம்மா இது!"

அவ்வளவுதான், வரிசையே அவனை மொய்த்தது. உள்ளே ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் நின்றான். "மூன்றாம் வரிசை, ஓர் இருக்கை இடப்பக்கம் நகரவும். தாமதித்தால் கப்பலிலிருந்து இறக்கப்படுவீர்கள்." சனம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது. பிரிந்த குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்தன. விளக்கு அணைந்தபோது ஆறு டிக்கெட் மிஞ்சியிருந்தது. நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம்.

இருபது நிமிஷம் கழித்து அந்த ஆள் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் எண்ணினார். பிறகு தம்பியின் காதருகே குனிந்தார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு சார். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

ஒன்பது குறைவு. சிரிப்புப் படத்துக்குப் போனவர்கள் பதினோரு பேர். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

"டேய், நான் பாவிடா" என்றேன்.

"சும்மா இருக்கா. இப்ப என் வசனம் வருது" என்றான்.

திரையில் அந்தக் கிழட்டு இயந்திரம் பேசியது. இருட்டில் தம்பியின் உதடு அதோடு சேர்ந்து அசைந்தது, சத்தமில்லாமல். எனக்குப் பக்கத்து இருக்கை காலி. அதுவும் நான் வாங்கியதுதான்.