மாடிக்குப் போன கோப்பைகள்

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம், கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அங்கே பட்டாளத்தில் இருந்தான். ஆபீஸில் யாரோ சொல்ல, நாற்காலி பார்க்கலாம் என்று என் கணவர் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். நாற்காலிகள் முன்பே விற்றுப்போயிருந்தன. காலியான கூடத்தில் ஒரு மேஜைமேல் இரண்டு டீ செட்டுகள் மட்டும் இருந்தன.

ஒன்றில் பெரிய சிவப்பு ரோஜாக்கள். இன்னொன்று வெறும் வெள்ளை, விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. நான் ரோஜாவைத்தான் தொட்டேன். அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். சிரித்துக்கொண்டே இரண்டு கப்புகளையும் நகத்தால் சுண்டினாள். ரோஜா கப் 'டொக்' என்றது. வெள்ளைக் கப் சின்ன மணி மாதிரி ஒலித்தது. அந்த ஒலி காலி வீட்டுக்குள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே இருந்த அவள் விரல்கள், பனிக்குள் நடந்து வருகிற ஆட்களைப்போல, வெளியே நிழலாகத் தெரிந்தன.

"போன் சைனா. எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணோட கலக்கறாங்க. அதான் இவ்ளோ மெல்லிசு."

எங்கள் வீடு முட்டைகூட நுழையாத வீடு. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வாங்கிய வெள்ளை செட்டைப் பழைய துணிகளில் ஒவ்வொன்றாகச் சுற்றியபடி அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீங்க, தங்கம் போயிடும். பேசின்ல ஒரு துண்டை விரிச்சு வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. கறை பிடிச்சா சமையல் சோடா போதும். அடுக்கறப்ப நடுவுல துணி வைங்க." வாசல்வரை வந்தாள். நான் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்ததும், "துஸ்மான், துஸ்மான்" என்றாள் என் கணவரிடம், பிரெஞ்சில். மெதுவாகப் போகச் சொல்கிறாள் என்று புரிந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடுவரை அவர் சைக்கிள்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டில் எங்களோடு என் மாமியார் இருந்தார். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். நான் பேசாமல் பெட்டியைப் பிரித்தேன். என் கணவர்தான் ஒரு கப்பைத் தூக்கிக் காட்டி, "எலும்புச் சாம்பல் போட்டுச் செய்யறதும்மா! பாரேன்!" என்றார்.

அத்தை நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"எந்த எலும்பு?"

"மாட்டு எலும்பா இருக்கும்." சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

அத்தை கத்தவில்லை. "ஆசைப்பட்டு வாங்கிட்டீங்க. தூக்கிப் போடச் சொல்லல. என் சமையல்கட்டுக்குள்ள மட்டும் வேணாம். மாடிக்கு எடுத்துட்டுப் போங்க."

மாடியில் விறகும் உடைந்த கட்டிலும் கிடந்த ஓட்டு அறை ஒன்று இருந்தது. அதன் முன்னால் மொட்டை மாடி. தென்னை மரங்களுக்கு மேலே கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும். வைத்திக்குப்பத்திலிருந்து கருவாட்டு வாசனை வந்து எங்கள் சைவத்தைக் கொஞ்சம் சீண்டிவிட்டுப் போகும். விறகை ஒதுக்கி, ஒரு திரி ஸ்டவ்வும் பலகையும் போட்டோம்.

அதுவரை கீழே நாங்கள் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. அவர் கூடத்தில் பேப்பரோடு இருப்பார், நான் சமையல்கட்டில் அத்தையோடு. இப்போது டீ குடிக்க வேண்டுமென்றால் மாடி ஏறித்தான் ஆகவேண்டும். அந்த செட்டோடு வந்த கெண்டியில் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, டீத்தூளும் சர்க்கரையும் போட்டு மூடிவைத்துக் காத்திருப்போம். சாய்ந்த வெயில் கப்புக்குள் புகுந்து, டீ தனக்குள்ளேயே விளக்கு வைத்துக்கொண்டதுபோல இருக்கும். அவருக்குப் பாட வரும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. எனக்குக் கோபம் வரும் என்பது அவருக்கும். கழுவித் துடைத்து அடுக்குவதை நான் வேண்டுமென்றே நீட்டிக்கொண்டே போவேன். இருட்டும்வரை யாரும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள்.

அப்படியே வருஷங்கள் போயின. மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒரு கப்பைக் காக்கா தட்டிவிட்டது. வந்த உறவுக்காரர் ஒருவர், "உங்க வீட்ல எலும்புக் கோப்பையில குடிக்கறாங்களாமே" என்று அத்தையைக் கிண்டினார். "அது மாடி சமாச்சாரம். நீங்க காபியக் குடிங்க" என்று அத்தை முடித்துவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் என் கணவர் ஆபீஸ் வேலையாகக் காரைக்கால் போயிருந்தார். மகள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் தனியாக மாடிக்குப் போய் டீ போட்டேன். படியில் காலடி கேட்டது. அத்தை, கையில் அவருடைய எவர்சில்வர் டம்ளரில் காபியோடு வந்து, பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஓட்டின்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"இங்கதான் உக்காந்து பேசுவீங்களா?"

"ஆமாங்க அத்தை."

"உங்க மாமாவும் நானும் ஒரு நாள்கூட இப்படி உக்காந்ததில்ல. அவருக்கு என்ன பிடிக்கும்னு அவங்க அம்மாவக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன்."

அத்தை காபியைக் குடித்து முடித்து, காலி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் கெண்டியைப் பார்த்தேன். அதுவும் அதே எலும்பில் செய்ததுதான்.

"தெரியும். ஊத்து," என்றார்.

ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கடலைப் பார்த்தபடியே சொன்னார்:

"சர்க்கரை தூக்கல்."