கஸ்தூரி ஒட்டிய வெள்ளி ஸ்டிக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடந்த சண்டை உங்களுக்கு இந்நேரம் மறந்திருக்கும். பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே பிடுங்கலாமா, இல்லை, எடுக்கப் போகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. "நான் ஆயிரம் வாட்டி புடுங்கியிருக்கேன், ஒண்ணும் ஆவல" என்றான் பெரியவன். "ஆயிரத்தோராவது வாட்டி ஆவும், அப்ப என்னாண்ட வராத" என்றாள் சின்னவள். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீ சொல்லு. நீதான் அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருந்தியே" என்றீர்கள். நான் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மோட்டார் ஓடவே இல்லை.

ஏன் எழுந்து போனேன் என்று எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

எண்பதுகளின் கடைசியில், ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டு நெசவாளர் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தெர்மாகோலைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக்கும் சூடான தகரமும் கலந்தாற்போல் ஒரு வாசனை அறை முழுக்கப் பரவியது. அந்த அறை அதுவரை கச்சாப் பட்டு அடுக்கி வைத்திருந்த அறை. கச்சாப் பட்டுக்கென்று ஒரு வாடை உண்டு, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி. எத்தனை தடவை பினாயில் போட்டும் அது சுவரை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கம்ப்யூட்டர் கடைப் பக்கம் போனால் எனக்கு மட்டும் அந்த மீன் வாடை சேர்ந்து அடிக்கிறது. உங்கள் அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

பச்சை எழுத்துத் திரை. முன்பக்கம் பிளாப்பி போட மேலும் கீழுமாக இரண்டு வாய். பிளாப்பி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அளவில் கறுப்பாக, வளைந்து கொடுக்கிற ஒரு சதுர அட்டை. உள்ளே மெல்லிய வட்டத் தகடு. நாம் அடிப்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். மெஷினுக்குள் வேறு எதுவும் தங்காது. கரண்ட் போனால் அதற்கு நம்மையே அடையாளம் தெரியாது.

அது மக்கர் செய்யாத நாள் இல்லை. செய்தால் சங்கத்தில் இருக்கிற எல்லோரும் வைத்தியர்கள். மேனேஜர் சாருக்கு எல்லாமே சூடுதான். "மெஷினுக்கு வேர்க்குதுய்யா, பாவம்" என்று தன் மேசை விசிறியைத் தூக்கி அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு எல்லாமே வோல்டேஜ். ஸ்டெபிலைசர் டக் டக் என்று தட்டினால் போதும், காரணம் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி எனக்கு. செருப்புத் தூசு என்பார் ஒருவர். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுகிறோமே, அந்தப் புகை என்பார் இன்னொருவர். கஸ்தூரி மட்டும் கடைசியாக மெல்லச் சொல்லும்: "நாமதான் எதுனா தப்பா அடிச்சிருப்போம் சார்." நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதுதான் உண்மையாகவும் இருக்கும். எங்கள் ஒருவருக்கும் அது பிடிக்காது.

கஸ்தூரி போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்திருந்தது. தற்காலிக வேலை. உறுப்பினர் நெசவாளர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரின் பெயர், தறி எண், தெரு, குடும்பத்தில் எத்தனை பேர் எல்லாவற்றையும் அடித்து, அரசாங்கம் கொடுக்கும் வீட்டுமனைக்காக வேலூருக்கு அனுப்ப வேண்டும். "லிஸ்ட்டு போயி சேரட்டும், உன்ன பர்மனன்ட் பண்றது என் பொறுப்பு" என்று மேனேஜர் சார் சொல்லியிருந்தார். ஒருநாள் கஸ்தூரி என்னிடம் சொன்னது: "பர்மனன்ட் ஆயிட்டா எங்கம்மாவ இனிமே நாத்து நட போவாதன்னு சொல்லிடுவேண்ணா. இடுப்ப புடிச்சிகினு வருது, பாக்க முடியல."

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனால் என்னிடம் ஒரு சர்டிபிகேட் இருந்தது. சில வருடங்களுக்கு முன் சங்கம் என்னை வேலூருக்கு மூன்று வாரம் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே இருந்தது பழைய மெஷின், பீரோ அகலம். அதன் பிளாப்பி சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அந்தச் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்கு மேல் மாட்டியிருந்தேன். யாராவது வந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவேன், தெரியட்டும் என்று.

பிளாப்பியின் ஓரத்தில் சின்னதாகச் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதை மூடுவதற்கென்று வெள்ளி நிறத்தில் ஸ்டிக்கர் வரும். கஸ்தூரி பட்டியல் பிளாப்பியில் அன்றன்றைக்கு அடித்து முடித்ததும் அந்த வெட்டை ஸ்டிக்கரால் மூடிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகும்.

"எதுக்கும்மா அது?" என்று கேட்டேன்.

"இத ஒட்டிட்டா மெஷின் இதுல எழுதாதுண்ணா. படிக்க மட்டும்தான் படிக்கும். தெரியாம கூட யாரும் அழிக்க முடியாது."

"தப்பு. ஒட்டினாத்தான் எழுதும். ஒட்டலன்னா எழுதாது. வேலூர்ல மூணு வாரம் இதத்தான செஞ்சிகினு இருந்தேன்."

"அது எந்தக் காலத்து மெஷின்ணா?"

"எந்தக் காலமா இருந்தா இன்னா? பிளாப்பி பிளாப்பிதான்."

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். சேலை டிசைனுக்கு ஜக்கார்டு அட்டை வெட்டுகிறவர். தறிக்கு மேலே அந்த அட்டைகள் வரிசையாக ஓடும். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இழை மேலே எழும்பும், ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. அப்படித்தான் சேலையில் மயிலும் மாங்காயும் வருகின்றன. அவர் பிளாப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாப்பா சொல்றதுதாம்பா நாயம். ஓட்டைய தொறந்து வெச்சா வேல நடக்கும், மூடினா நடக்காது. என் அட்டையும் இதே கணக்குதான். உங்க வேலூரு மெஷினு இன்னா, குப்புறப் படுத்துகினு நெய்யுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, உங்க சர்டிபிகேட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடட்டுமா? அழிஞ்சிடப் போவுது" என்றது. மேனேஜர் சார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

ஒரு காலி பிளாப்பியை எடுத்து இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் வழக்கு தீர்ந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தோற்றுவிடுவேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, இப்போது நினைத்தால்.

பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை வேலூரில் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் கஸ்தூரி சாப்பிடப் போயிருந்தது. "யோவ், ஜல்தியா அதுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிடு. ஒண்ணே ஒண்ணு வெச்சிகினு எனுக்கு தூக்கமே வரல" என்று மேனேஜர் சார் என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

பட்டியல் பிளாப்பியைக் கையில் எடுத்தேன். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த கணக்கில் அது ஆபத்து. ஒட்டியிருந்தால் மெஷின் அதில் எழுதிவிடும். ஆகவே பாதுகாப்புக்காக, கவனமாக, நகத்தால் நிமிண்டி அதை உரித்தேன். வேலூர் மெஷினில் கீழ் வாய்தான் முதல் வாய். அதே நினைப்பில் பட்டியலைக் கீழேயும், கஸ்தூரி காலையில் தயார் செய்து வைத்திருந்த காலி பிளாப்பியை மேலேயும் போட்டேன். மெஷின் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. எந்த வாயில் எதைப் போட்டாய் என்றுதான் கேட்டிருக்கும். படித்துப் பார்க்காமல் பொத்தானைத் தட்டினேன். மேல் வாயில் சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு கீழ் வாயில். மேலே, கீழே, மேலே, கீழே. வேலை நன்றாக நடக்கிறது என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் பார்த்தால் மேலே இருந்தது காலி. கீழே இருந்ததும் காலி. காலியைக் காப்பி எடுத்து நாலு மாத வேலையின் மேல் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, அதுவரை நடந்தது தவறு. அதற்கு மேல் நான் செய்ததற்குத் தவறு என்ற வார்த்தை போதாது. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கரை எடுத்து, பழையபடி வெட்டின் மேல் வைத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன். பிளாப்பியை உறையில் போட்டு இருந்த இடத்தில் வைத்தேன். மேனேஜர் சார் திரும்பி வந்ததும், "கரண்ட் போயிடுச்சி சார், காப்பி எடுக்கல" என்றேன்.

கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. பிளாப்பியைப் போட்டது. எடுத்து மறுபடி போட்டது. மூன்றாவது தடவை எழுந்து நின்றுகொண்டே போட்டது.

மேனேஜர் சார் உடனே காரணம் கண்டுபிடித்தார். முந்தின நாள் எங்கள் பிரிண்டர் ரிப்பேர் என்று கஸ்தூரி அந்தப் பிளாப்பியை வேலூருக்கு எடுத்துப் போய்ச் சில பக்கங்களை அச்செடுத்து வந்திருந்தது. "பஸ்ஸுல ஜன்னல் ஓரம் வெச்சிகினு போயிருப்ப. வெயில்ல எல்லாம் போச்சு. பேஜார் புடிச்ச வேலை பண்ணி வெச்சிட்டியே!"

"இல்ல சார், வெயில்ல கெட்டுப்போனா படிக்க முடியலன்னு வரும். இது காலியா இருக்குதுன்னு வருது. யாரோ இதுமேல எழுதிட்டிருக்காங்க சார்."

"ஸ்டிக்கரு ஒட்டித்தான கீது? ஒட்டினா எழுத முடியாதுன்னு நீதான சொன்ன?"

மேனேஜர் சார் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா. இவ்ளோ நாள் அது தப்புன்னு சொல்லிகினு இருந்தியே."

நான் சொன்னேன்: "கஸ்தூரி சொன்னதுதான் சரி சார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா எழுத முடியாது."

அத்தனை நாள் விட்டுக்கொடுக்காத வழக்கை அன்றைக்குத்தான் விட்டுக்கொடுத்தேன். கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தது. தனக்கு உதவியாக ஏதோ சொல்கிறேன் என்று ஒரு நொடி நினைத்திருக்க வேண்டும். பிறகு குனிந்துகொண்டு, "அப்ப நான்தான் எதுனா தப்பா அடிச்சிட்டேன் போலக்குது" என்றது.

"ஞாயித்துக்கெழம கூட வரேன் சார், திரும்ப அடிச்சிடறேன்" என்று கெஞ்சியது. மூன்று நாளில் ஆயிரம் பேரை அடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு ரிஜிஸ்தரைப் பிரித்துக்கொண்டு எல்லோரும் கையால் எழுதினோம், கஸ்தூரியும் எழுதியது. அந்தக் கையெழுத்துப் பட்டியல்தான் திங்கட்கிழமை வேலூருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை, கஸ்தூரியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மெஷினுக்குத் துணி உறை போட்டு நான்கு மூலையும் இழுத்துவிட்டு, "வரேண்ணா" என்றது. நான் ரிஜிஸ்தரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த நாற்காலியில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர் ஆபீஸில் இருந்த அப்பா என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டது அந்த நாற்காலியைத்தான்.

இரண்டு வருடம் கழித்துப் போளூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் கஸ்தூரி மனு, பத்திரம் டைப் அடித்துக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டது. டீ சொல்லியனுப்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் அதுவே ஆரம்பித்தது.

"அண்ணா, உங்கள பாத்தா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அந்த ஸ்டிக்கர் விசயம். பெரிய பிளாப்பியில நீங்க சொன்னதுதான் சரியாம், ஒட்டினாத்தான் எழுதுமாம். அப்புறமாத்தான் தெரிஞ்சிகினேன். அன்னிக்கி எல்லார் எதிர்லயும் உங்கள கிண்டல் பண்ணிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்கண்ணா."

டீ வந்தது. குடித்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "நடவுக்குத்தான் போயிருக்குதுண்ணா, சாயங்காலம் வரும்" என்றது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சங்கத்தில் அந்த மெஷின் இப்போது இல்லை, பழைய இரும்போடு போய்விட்டது. அந்த அளவு பிளாப்பியை எந்தக் கடையிலும் கேட்க முடியாது. மேனேஜர் சார் காலமாகிவிட்டார். ஏகாம்பரமும் இல்லை. போன மாதம் உங்களிடம் கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போளூர்தான் போனேன். அந்த மாடிப்படி இருக்கிறது. கீழே செல்போனுக்கு உறை விற்கிறார்கள். கடைப் பையனைக் கேட்டேன், தெரியாது என்றான். பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: "டைப் அடிக்கிற அம்மாங்களா? காலி பண்ணிகினு போயி ரொம்ப வருசம் ஆவுதுங்க. எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் உங்களிடம் சொன்னது கஸ்தூரியிடம் சொன்னதாக ஆகாது.