ஒரு தலையணை உயரம்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். பிளஸ் டூவுக்கு மேல் படிக்காதவள் என்பது ஒரு தயக்கம். வெட்கம் அதைவிடப் பெரியது. ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் சொல்லும் சாட்சிகளில் தீராத நோய் தீருகிறது, கடலில் காணாமல் போனவர் கரை சேருகிறார். என்னிடம் இருப்பதோ அறைக்குள் ஒரு மச்சு கட்டின கதை. ஆனால் இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. எனக்கு அப்போது இருந்த வயது. இனியும் தள்ளிப்போட மனமில்லை.

துபாய் தேராவில், மசாலாக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் நான்கு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். எங்களுடையது மூலை அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னல் ஏசி, அவ்வளவுக்குத்தான் இடம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய் விரித்து நான் படுப்பேன். அம்மா நர்ஸ். அவர் விசாவில்தான் நானும் அப்பாவும் இருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

அந்த வயதில் எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்தால் அந்த அறையில் நான்கு பேர் இருக்க முடியாது. அதனால் ஜூன் மாதம் என்னை ஊரில் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சேர்ப்பதாக முடிவாகி, அங்கே எனக்கு ஒரு எண்ணும் கொடுத்தாகிவிட்டது. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அப்பா இதைச் சொன்னார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயங்கள். ஒன்று, அம்மாவோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா லீவு முடிந்து ஊரிலிருந்து வரும்போது எனக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுவந்தார். இரண்டிலும் என் பெயர் வெட்டியிருந்தது. பெயருக்குக் கீழே 43 என்று ஒரு எண்.

“இது என்ன நம்பர்ம்மா?”

“சும்மா, அழகுக்கு,” என்று சொல்லிவிட்டு அம்மா அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

இன்னொன்று, அப்பா திடீரென்று மேலே பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் மேலேதான் பார்ப்பார். நானும் பார்ப்பேன். பழைய வீடு என்பதால் கூரை நல்ல உயரம். பல்லிகூட அங்கே போய்ச் சேர நேரம் எடுக்கும்.

“மேல எவ்வளவு இடம் சும்மா கிடக்கு பாத்தியா மக்கா? வாடகை அதுக்கும் சேத்துத்தான் குடுக்கோம்.”

அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. அங்கே ஏறினால் எப்படி இருக்கும்? கட்டில் மேலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியுமா? அப்பா கோயில் காலண்டரில் முடிந்த மாதத் தாளைக் கிழித்து, சொரூபப் படம் இருக்கும் பக்கத்தைத் தொடாமல், பின்பக்கத்தில் வரைவார். இரும்புக் குழாயில் நான்கு கால், மேலே பலகை, ஓரத்தில் ஏணி. நான் அதில் ஒரு பூந்தொட்டி வரைந்தேன். அவர் அழிக்கவில்லை.

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “ஏங்க, குளிரு கீழதான நிக்கும்? மேல படுத்தா பிள்ள அவிஞ்சு போவா.”

“ஃபேன் வச்சு மேல தள்ளிருவேன்.”

பக்கத்து அறையில் கீழக்கரைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, ஊரெல்லாம் டவர் கட்டுறான், நீங்க ரூமுக்குள்ளயா? கிரேன் எங்க?” என்பார். வாடகை வாங்க வரும் மலையாளி மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. “சுவத்துல ஒரு ஆணி அடிக்கப் பாடில்ல கேட்டோ. சொந்தக் கால்ல நிக்கட்டும். இல்லெங்கில் முதலாளி என்னைக் கொல்லும்.”

மிச்சம் இருந்தது அளவுதான். அப்பாவுக்கு அதில் ஒரு பிடிவாதம். மச்சில் நிற்க முடியாவிட்டாலும் முட்டு போட்டு, அதாவது மண்டியிட்டு, ஜெபிக்க முடிய வேண்டும். “முட்டு போட முடியாத இடம் வீடு இல்ல, பெட்டி. பெட்டிக்குள்ள எம்பிள்ளய வைக்க மாட்டேன்,” என்றார். நான் வளருவேன் என்பதால் என் உயரம் போதாது, அம்மாவின் உயரம் வேண்டும் என்றார்.

அன்று மாலை ஜெபமாலை முடிந்ததும், மாதா படத்துக்குக் கீழே முட்டு போட்டிருந்த அம்மாவை, “அப்படியே நில்லு, அசையாத,” என்று சொல்லி, தலை உச்சிக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போட்டார். பிறகு கோட்டையும், கீழே தாம் நிமிர்ந்து நடக்கும் உயரத்தையும், பலகைக் கனத்தையும் கூட்டினார். திரும்பவும் கூட்டினார்.

கூரை உயரம் கிட்டத்தட்ட ஒரு சாண் போதவில்லை.

“கொஞ்சம் குனிஞ்சு நடந்தா என்ன?” என்றார் அம்மா. அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“பச்சப்பிள்ளயத் தூக்கிட்டு நீ குனிஞ்சு நடப்பியா? ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து தலைய இடிச்சுக்கிட்டா?”

காலண்டர் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தார். அதன்பிறகு யாரும் மேலே பார்க்கவில்லை. அம்மா ஒருநாள் பெட்டியைத் திறந்து என் தட்டைத் துடைத்து, திரும்ப உள்ளே வைத்தார். மச்சுக்காக வாங்கின தட்டு, மச்சு இல்லையென்றால் தட்டும் இல்லை போல என்று நான் வருத்தப்பட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து, ஜெபமாலையில் மூன்றாம் தேவரகசியம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ கண் மூடி ஜெபிக்கும் பழக்கம் கிடையாது. சுவரையும் பல்லியையும் பார்த்துக்கொண்டே சொல்வேன். அன்று பென்சில் கோட்டைப் பார்த்தேன். அதன் கீழே அம்மாவின் தலையைப் பார்த்தேன். நடுவில் வெறும் சுவர் தெரிந்தது.

“யப்பா! அம்மா குட்டையாயிட்டாங்க!”

“ஜெபத்துக்கு நடுவுல என்ன பேச்சு?” என்று அதட்டியபடி கண்ணைத் திறந்த அப்பா, கோட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை அம்மாவின் முட்டுக்கு இறங்கியது.

“தலையணை எங்க?”

மாசமானதிலிருந்து அம்மா ஊர் இலவம்பஞ்சுத் தலையணையை இரண்டாய் மடித்து அதன்மேல்தான் முட்டு போடுவார். மேக்ஸி மறைத்துக்கொள்ளும். பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது கண்ணில் படாமலே போய்விட்டது. கோடு போட்ட அன்றும் அப்பா தலையைத்தான் பார்த்தார். நான் கத்திய இந்த நாள் காலையில்தான், நான் பால் கொட்டியதால், தலையணையைக் கழுவி முற்றத்தில் போட்டிருந்தார்கள்.

அப்பா ஜெபமாலையைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். டேப்பை எடுத்துவந்து அளந்தார். “ஒரு சாண்,” என்றார். திரும்பவும், “ஒரு சாண்டி,” என்று அம்மாவிடம் சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஜெபமாலையைத் தொடர்ந்தோம். அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் சரியாக வரவில்லை.

அடுத்த நாள் அம்மா டெலிபோன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசினார். “வேண்டாம் சிஸ்டர், பிள்ள எங்ககூடயே இருக்கட்டும்.” வயிற்றில் இருக்கும் தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். அவன் வேறு எங்கே போவான் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பாவும் கீழக்கரைக்காரரும் குழாய்களை முடுக்கினார்கள். முதலில் என்னை ஏற்றினார்கள்.

“முட்டு போடு மக்கா. தல இடிக்கா?”

“இடிக்கலப்பா!”

மேலே உண்மையிலேயே அனல்தான். ஃபேன் சத்தம்தான் போட்டது, குளிரைத் தள்ளவில்லை. ஆனாலும் கட்டில் சின்னதாகத் தெரிந்தது, பீரோவின் உச்சியில் தொலைந்துபோன என் பந்து கிடந்தது. நான் ராணி மாதிரி தட்டைக் கேட்டேன். அம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். 43 என்பது என் மச்சின் வீட்டு எண் என்று முற்றத்துப் பிள்ளைகளிடம் சொல்லி, சாக்பீஸால் ஏணியிலும் எழுதிவைத்தேன்.

பிறகு எத்தனையோ வருடம் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டேன். அதில் சோறு போடும்போதெல்லாம் அம்மா எண் இருக்கும் பக்கத்தில்தான் முதல் கரண்டியை வைப்பார். எண் மறைந்த பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார். அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அம்மா பரிமாறும் வழக்கம் அப்படி என்று இருந்துவிட்டேன்.

வாசிக்கிறவர்கள் யாருக்காவது இதைச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். ஆண்டவர் எங்களுக்காகக் கூரையை உயர்த்தினார் என்று தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள். கூரை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஒரு தலையணை ஈரமாயிருந்தது, அவ்வளவுதான்.