கிருமிப் பால்

நான் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூடவே என் நாயும் வந்தது. எழுபதுகளில் சீர்வரிசையோடு நாயையும் கொண்டுவந்த மருமகள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். மாப்பிள்ளை மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

துறைமுகத்துப் பக்கம் சங்குச் சதையும் கருவாட்டுக் கழிவும் தின்று திரிந்த நாய்களுக்கு அப்போது ஓயாத வயிற்றுப்போக்கு. தயிரைப் புளிக்க வைக்கும் கிருமி ஒன்றைத் தனியே பிரித்துப் பாலில் வளர்த்துக் கொடுத்தால் குடல் தேறும் என்று இவர் நம்பினார். ஆனால் சீக்கு நாய்க்குக் கொடுக்குமுன் அதனால் கெடுதல் இல்லை என்று தெரியவேண்டும். அதற்கு நோயில்லாத நாய் வேண்டும்.

"நாளைலேருந்து நம்ம நாய்க்குத்தான் குடுக்கணும்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது மருமகள், வாயை மூடிக்கொண்டேன். அந்த ஊரில் நான் மனம்விட்டுப் பேசியது அந்த நாயிடம் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கொண்டுவந்த பாட்டில் பாலை மாமியார்தான் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப்போய் நாயின் தட்டில் விடுவார். முதல் நாளே வாந்தி எடுத்தது. மறுநாள் தண்ணீர்த் தொட்டியடியிலேயே கிடந்தது. கூப்பிட்டால் வால் மட்டும் அசைந்தது. செத்துவிடும் என்றே நினைத்தேன்.

மதியம் அவர் வந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அவர் முன்னால் வைத்தேன். "நல்ல கிருமிதான? நீங்க குடிங்க."

கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"ஏளா, இதுல உப்பு போட்டது யாரு?"

"நாந்தாம்ல" என்றார் மாமியார். "வாயில்லா சீவன், சப்புனு எப்படிக் குடிக்கும்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாவ?"

மாமியார் உப்பளத்துக்காரர் மகள். உப்பு விஷயத்தில் கை தாராளம். பிடி பிடியாய் அள்ளிப் போட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டோம். வாரம் திரும்புமுன் நாய் எழுந்து தெருக்கோழிகளை விரட்டியது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள், உப்பில்லாமல். இந்த முறை நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் துறைமுகத்து நாய்களுக்கு அந்தப் பால் போனது. ஆனால் எனக்கு இன்றும் நினைத்து நினைத்து மனம் நிறைவது, மறுபடி தொடங்கிய அந்தக் காலையைத்தான். பாட்டிலோடு அடுப்படிக்கு வந்த என் வீட்டுக்காரர் தட்டில் ஊற்றாமல் நின்றார். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம், "குடுக்கட்டுமா?" என்றார்.

கல்யாணத்துக்குக்கூட என் அப்பாவிடம்தான் சம்மதம் கேட்டார்கள். என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குடுங்க" என்றேன்.