சட்டை நனைந்திருக்கிறதா பாருங்கள்

அவள் சீருடை தைப்பவள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பெட்ரோல் பங்க் என்று பல இடங்களுக்கு அவள் கடையிலிருந்து சட்டைகள் போகும். கணவர் காகிதம் வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பிளேடு’. செய்கிற வேலையை வைத்து வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும்.

மாதத்தில் பாதி நாள் அவர் வெளியூரில்தான் இருப்பார். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் உடன் போனதில்லை. கடை, மகளின் படிப்பு, மாமியாரின் முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். இந்த முறை மகள் பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். மாமியாரை நாத்தனார் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். நானும் வருகிறேன் என்று இவள் கணவரோடு கிளம்பிவிட்டாள். நாள் முழுக்க மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன், நீ வந்து என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, தூங்கப் போகிறேன் என்றாள்.

அவருக்குச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக ஊசி; போட்டதும் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி நினைவு தடுமாறும். ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை ஏழரைக்கு விடுதி அறையில் ஊசி போட்டுக்கொண்டார். விடுதி ஊழியர் ரொட்டியும் அவித்த முட்டையும் இரண்டு தட்டுகளில் மூடி வைத்துவிட்டுப் போனார். அவள் குளிக்கப் போனாள். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, கிளம்புகிறேன் என்று அவர் கதவுக்கு வெளியே சொன்னது தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. சரி என்று குரல் கொடுத்தாள்.

குளித்துவிட்டு வந்தவள், யாரோ விரித்து வைத்த படுக்கையில் மறுபடியும் படுத்தாள். யாரும் எழுப்பவில்லை. அதுவே பெரிய சுகமாக இருந்தது. ஒன்பது மணிக்குப் பசித்தது. ஒரு தட்டின் மூடியைத் திறந்தாள். ரொட்டி, முட்டை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. தன் தட்டாக இருக்கும் என்று நினைத்தாள். ஏதோ தோன்றி மற்றதையும் திறந்தாள். அதிலும் எதுவும் குறையவில்லை.

ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இந்தத் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நேற்று ரயிலில் சொல்லியிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து மிட்டாய் வைத்திருப்பாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் கண்ணாடிக்குக் கீழே பார்த்தாள். சட்டையை இஸ்திரி போடும்போது பையிலிருந்ததை அவளே எடுத்து அங்கே வைத்திருந்தாள். நான்கு மிட்டாய்கள்.

அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்குத்தான் அங்கே ஆள் வருவார்கள். தொழிற்சாலையின் பெயராவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. ‘பெட்டி கம்பெனி’ என்றுதான் அவர் எப்போதும் சொல்வார்.

மிட்டாய்களை அள்ளிக்கொண்டு கீழே ஓடினாள். நேற்று அவர்களை அழைத்துப்போக ரயில் நிலையத்துக்கு வண்டி கொண்டுவந்த தொழிற்சாலை ஓட்டுநரின் சட்டை அவள் கண்ணுக்குள் இருந்தது. முகத்தைவிடச் சட்டையைத்தான் அவள் கண் முதலில் பார்க்கும். கரும்பச்சைத் துணி, மஞ்சள் கழுத்துப்பட்டி, பையின் மேல் அலகில் பெட்டியைக் கவ்விய பறவை. விடுதி வரவேற்பாளரின் மேசையில் இருந்த தாளில் அந்தப் பறவையை வரைந்தாள். வரவேற்பாளருக்குத் தெரியவில்லை. அழுக்குத் துணி மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த சலவைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இது கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற அட்டைப்பெட்டி கம்பெனிம்மா. வாரத்துக்கு அறுபது சட்டை நம்மகிட்டதான் வருது” என்றார்.

அவரே தன் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மணி ஒன்பது நாற்பது.

வாசல் காவலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் விடமாட்டார். அவள் கெஞ்சியதும் உள்ளே இருக்கும் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். பேசிவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் நன்றாக இருப்பதாகச் சொல்கிறாராம், வேலையில் இருக்கிறாராம்.

சர்க்கரை இறங்கும்போது அவர் சொல்கிற முதல் வார்த்தையே அதுதான். ஒருமுறை வீட்டில், சாப்பிடாத சோற்றிலேயே கை கழுவிக்கொண்டே நன்றாக இருக்கிறேன் என்று சண்டை போட்டவர் அவர்.

“இந்த ஊருக்கு யார்கூட வந்தீங்கன்னு அவரைக் கேக்கச் சொல்லுங்க” என்றாள்.

காவலாளி கேட்கச் சொன்னார். பதில் வந்ததும் அவர் முகம் மாறியது.

“தனியாத்தான் வந்தேன், எப்பவும் தனியாத்தான் வருவேன்னு சொல்றாராம். நீங்க யாரும்மா?”

கணவரின் நிலைமை அந்தப் பதிலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதே பதில்தான் அவளை இந்த வாசலில் பொய்க்காரியாக்கி நிறுத்தியிருந்தது. காவலாளியின் கை ரிசீவரை வைக்கப் போனது. அவள் காவலறைச் சாளரத்துக்குள் கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை நம்ப வேண்டாங்க. என்னை உள்ள விடவும் வேண்டாம். காகிதம் சுருங்கக் கூடாதுன்னு உள்ள குளுகுளுன்னு வச்சிருப்பீங்கல்ல? அந்தக் குளிர்ல அவர் சட்டை வேர்வையில நனைஞ்சிருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க.”

காவலாளி அவளையே பார்த்தார். பிறகு போனில் அதை அப்படியே சொன்னார்.

மறுமுனையில் ரிசீவர் எதன்மேலோ மோதிய சத்தம் கேட்டது. யாரோ “நிறுத்து, நிறுத்து” என்று கத்தினார்கள். காவலாளி மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிட்டு, அவளுக்கு முன்னால் ஓடினார்.

மேற்பார்வையாளர் சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். கணவரின் வலது கை முழங்கை வரைக்கும் கத்திக்கு அடியில் இருந்திருக்கிறது. இடது கை இயந்திரத்தை ஓட்டும் பொத்தானைத் தேடித் தடவிக்கொண்டிருந்ததாம். இப்போது இரண்டு பேர் அவரை அட்டைக் கட்டின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது; வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“நீ எதுக்கு இங்க வந்தே? வேலை நடக்குதுல்ல” என்று அவளிடம் எரிந்து விழுந்தார். அவள் வந்திருப்பதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

மிட்டாய் தொண்டையில் அடைத்துவிடும் என்று அவள் சொல்ல, யாரோ சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் குவளையை அவர் தட்டிவிட்டார். அவள் புடவையெல்லாம் தண்ணீர். இரண்டாவது குவளையை வாங்கி, மேற்பார்வையாளரைக் கணவரின் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாய்வாயாகக் குடிக்க வைத்தாள். ஒரு வாய் உள்ளே போனது, ஒரு வாய் தாடையில் வழிந்தது. இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன.

பத்து நிமிடம் கழித்து அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

அவள் எழுந்து, பெட்டி ஒட்டும் பெண்களின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது ஒரு பெண் துண்டை நீட்டினாள்.

அன்று அவரை வேலை செய்ய விடவில்லை. காலையில் அவர் சொன்ன பதிலை மேற்பார்வையாளர் சொல்லிக்காட்டியபோது அவர் நம்பாமல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தனக்குச் சர்க்கரை நோய் என்று வேலைக்குப் போகிற எந்த இடத்திலும் அவர் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நோயாளி என்று தெரிந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். மறுநாள் சாப்பிட்ட பிறகு ஊழியர்களைக் கூப்பிட்டு, அவராகவே எல்லாம் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட்டார். மாலைக்குள் வேலை முடிந்தது.

திரும்பும் ரயிலில் அவள் ஒரு நோட்டை எடுத்தாள். அவர் போகிற ஒவ்வொரு தொழிற்சாலையின் பெயர், முகவரி, வாசல் போன் எண் எல்லாம் சொல்லச் சொன்னாள். அவரும் தன் டைரியைப் புரட்டிப் புரட்டிச் சொன்னார். பதினான்காவது இடத்துக்கு வந்தபோது அவருக்குத் தூக்கத்தில் கண் செருகிவிட்டது.

அவர் தோளைத் தட்டி எழுப்பினாள் அவள்.

“பதினஞ்சாவது?” என்றாள்.