கூடை இல்லாத படம்

ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைச் சரிவில் நிற்கிறேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிலிம் சுருள், மூன்று நிமிடம் ஓடும். என் ஆவணப்படத்துக்குக் கொழுந்து பறிக்கும் கைகள் மட்டும்தான் இன்னும் வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். திட்டமில்லாமல் எதையும் எடுப்பதில்லை. எப்போதும்போல வேலை செய்யுங்கள் என்று பெண்களிடம் நேற்றே சொல்லியிருந்தேன்.

தோட்டத்துப் பெண்கள் தீபாவளிச் சேலை கட்டி, தலையில் திரிங்காப் ஊர்ச் சாமந்தியோடு செடிகளுக்கு நடுவே வரிசையாக நிற்கிறார்கள்.

"கூடை எங்கக்கா?" என்று முன்னால் நிற்கும் முனியம்மாவிடம் கேட்கிறேன்.

"படம் புடிக்கிறப்ப எவளாச்சும் கூடையோட நிப்பாளா? நீ கல்யாணமும் கட்டாம வேன்லயே படுத்து ஊர் சுத்துற, ஒனக்கு எப்படி நின்னாலும் சரி லா. எங்கள சொந்தக்காரங்க பாக்கணும்."

மலையிலிருந்து மூடுபனி இறங்குகிறது. கேமராவை ஓட்டுகிறேன். ஒருவரும் அசையவில்லை.

"அசையலாம்க்கா!"

கண்கூட இமைக்கவில்லை. ஆனால் இடுப்பளவுச் செடியில் முனியம்மாவின் வலது கை மட்டும் தன்பாட்டுக்குக் கொழுந்து கிள்ளுகிறது. கேமராவை இறக்கினால் கை கிடைக்கும், முகம் போய்விடும்.

நான் இறக்கவில்லை. சுருள் முடிகிறது.

"பூ தெரிஞ்சுச்சா?"

"நல்லா தெரிஞ்சுச்சுக்கா."

கையிலிருந்த கொழுந்தைப் பார்த்துவிட்டு, முனியம்மா அதை என்னிடம் தருகிறார்.