மயில் கழுத்து ஒயர்

அன்றைக்கு யாராவது அருள்மணியின் வாயைத் தைத்து வைத்திருந்தால், அவன் எட்டு மாதம் ஓட்டல் இட்லி தின்றிருக்க வேண்டியதில்லை. ஆரணியில் பழைய கார் எதுவாக இருந்தாலும் கண்ணமங்கலம் ரோட்டில் இருக்கும் அவனுடைய தகரக் கொட்டகைக்குத்தான் வரும். முப்பது வருஷத் தொழில். கைக்கு இருந்த நிதானம் மனுஷனுக்கு வாயில் இல்லை, அவ்வளவுதான் கோளாறு.

பட்டு வியாபாரி ராஜவேலு ஒரு சிவப்பு வண்டி வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் செய்தது, கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம், வயசு அறுபது. ஒரு காலத்தில் பந்தயத்தில் பறந்த வண்டியாம். ராஜவேலு கைக்கு வந்தபோது பாலத்து மேட்டில் ஏறவே மூச்சு வாங்கியது. இஞ்சினை இறக்கிக் கோயம்புத்தூருக்கு அனுப்பலாம், சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுப் புது பிஸ்டன் வைக்கலாம், பந்தய வண்டிக்குப் போடுகிற கேம் ஷாஃப்டும் இரட்டைக் கார்புரேட்டரும் மாட்டலாம் என்று முடிவானது.

இறக்குவதில் என்ன இருக்கிறது? திரும்ப ஏற்றும்போது எந்த ஒயர் எங்கே என்பதுதான் தலைவலி. மற்ற மெக்கானிக்குகள் செல்போனில் படம் பிடிப்பார்கள், டேப் ஒட்டுவார்கள். அருள்மணியின் கொட்டகையில் அவன் மனைவி ஸ்வர்ணலதா பட்டு நூல் கட்டுவாள். அவள் தறிக்காரி. தறியில் மிஞ்சுகிற துண்டு நூல்களை ஒரு பையில் போட்டு எடுத்து வருவாள். ஒயரின் முனையில் ஒன்று, அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் அதே நிறத்தில் இன்னொன்று. அரக்குக்கு அரக்கு, வாடாமல்லிக்கு வாடாமல்லி. பிறகு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அருள்மணி ஏற்றிய இஞ்சின் முதல் சாவியிலேயே பிடிக்கும் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் பாதி அவளுடையது.

இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே சொன்னானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

சிவப்பு வண்டியின் இஞ்சினை இறக்கிய அன்று ராஜவேலு பக்கத்தில் நின்றார். "தொழிலே அம்மா கையிலதான் இருக்குது போல" என்று சிரித்தார். நல்லதாகத்தான் சொன்னார்.

"அட நீங்க வேற சார்" என்றான் அருள்மணி. "அது சும்மா நூல் கட்டிகினு கெடக்குது. இஞ்சினைப் பத்தி அதுக்கு இன்னா தெரியும்?"

ஸ்வர்ணலதா குனிந்து கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்தாள். நோட்டில் கடைசி வரியை எழுதி மூடி வைத்தாள். மறுநாள் காலை சோறு வடித்து மூடிவிட்டு, தேவிகாபுரத்தில் இருக்கும் தம்பி பாலு வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

"எங்க போயிடப் போறா, வருவா" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு, வீட்டுக்குள் அவள் தறிச் சத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை தேவிகாபுரம் பஸ் ஏறினான். ஒரு தடவை பாதி வழியில் இறங்கிவிட்டான். இன்னொரு தடவை பாலு வீட்டுத் தெருமுனைவரை போய் நின்றான். உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் மிதிதான், அவனுக்குத் தெரியாதா? ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். அவளைப் பார்க்க மாட்டோமா என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான். ஆனால் போய் நின்று ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. வேண்டாதபோது ஊரையே கூட்டுகிற வாய்!

எட்டு மாதம் கழித்து இஞ்சின் வந்து சேர்ந்தது. மணப்பெண் மாதிரி துடைத்துப் பளபளவென்று அனுப்பியிருந்தார்கள். செயின் பிளாக்கில் தூக்கி, அங்குலம் அங்குலமாக இறக்கி உட்கார வைத்தான். பிறகு நோட்டைத் திறந்தான். அவள் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. கோயம்புத்தூருக்குப் போன சாமான்களின் நூல்கள் கழுவலில் போய்விட்டன. ஆனால் நோட்டில் எல்லாம் இருந்தது. அரக்கு எங்கே, வாடாமல்லி எங்கே, மாந்துளிர் எங்கே என்று வரி வரியாகப் பூட்டிக்கொண்டே வந்தான்.

கடைசி வரியில் இடித்தது. 'காயில் மேல் திருகு: மயில் கழுத்து' என்று எழுதியிருந்தாள். காயில் என்றால் இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற டப்பா. மிச்சம் இருந்தது இரண்டு ஒயர். ஒன்றில் நீல நூல், ஒன்றில் பச்சை நூல். மயில் கழுத்து நிறத்தில் நூலே இல்லை. நீலத்தைப் பூட்டினான். சாவியைத் திருப்பியபோது இஞ்சின் உறுமியது, சாவியை விட்டதும் செத்தது. பச்சையைப் பூட்டினான். உறுமக்கூட இல்லை.

"ஜல்தியா முடிப்பேன்னு சொன்னியே, இன்னாப்பா பேஜாரு?" என்றார் ராஜவேலு.

டெஸ்ட் லாம்ப் சுவரில் ஆணியில் தொங்கியது. அதை எடுத்து வைத்துப் பார்த்தால் கால் மணியில் விஷயம் தெரிந்துவிடும். அருள்மணி அதைப் பார்த்தான். எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

கையெல்லாம் கிரீஸ். ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் மேல் வைத்தான். மணி அடித்தது. போனுக்குள் தறிச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

அவன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான். "மயில் கழுத்து நூலக் காணோம்" என்றான்.

தறி நின்றது. "இன்னா?"

"நோட்டுல எழுதிக்கீறியே. இங்க நீலமும் பச்சையுந்தான் கீது."

அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, தெரியவில்லை. "மயில் கழுத்துன்னு நூலே கெடையாதுங்க. நீள நூலு பாவு நீலம், குறுக்கு நூலு ஊடை பச்சை. ரெண்டும் குறுக்கால போய் நெய்தாத்தான் அந்தக் கலரு வரும். ரெண்டு ஒயரும் அந்த ஒரே திருகுக்குத்தான். ஸ்டார்ட் ஆவ ஒன்னு, ஓட ஒன்னு." நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "உங்க ஸ்பேனரு நம்பரு அத்தினியும் நான் சொல்லுவேன். இருபத்தாறு வருசத்துல என் தறியில இன்னா கலரு ஓடுதுன்னு ஒரு நாளு கேட்டுக்கீறீங்களா?"

அருள்மணி ராஜவேலுவைப் பார்த்தான். அவர் நாகரிகமாக வெளியே போகப் பார்த்தார்.

"போவாதீங்க சார். நில்லுங்க" என்றான். "ஸ்வர்ணா, அன்னிக்கு இவுரு எதிர்லதான் சொன்னேன். இன்னிக்கும் இவுரு எதிர்லயே சொல்றேன். நூலு கட்டினவளுக்குத்தான் இஞ்சினைப் பத்தித் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் ஒன்னும் தெரியல. நீ இல்லாம என்னால முடியல."

அவள் போனைக் கட் பண்ணவில்லை.

அவன் இரண்டு ஒயரையும் ஒரே திருகில் சேர்த்துப் பூட்டினான். சாவியைத் திருப்பினான். அடேயப்பா! கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. சாவியை விட்டான், இஞ்சின் நிற்கவில்லை. ராஜவேலு கைதட்டினார். தட்டிய கையோடு மூக்கைப் பிடித்தார். "கருகுதுப்பா! ஒயரு கருகுது, ஆஃப் பண்ணு!"

முடி பொசுங்குகிற நாற்றம். அருள்மணிக்கு உடனே தெரிந்துவிட்டது. "ஒயரு இல்ல சார். பட்டு" என்று இஞ்சினை அணைத்தான். புகைக்குழாய் ஓரமாகப் போன ஒயரில் அரக்கு நூல் புகைந்துகொண்டிருந்தது.

"பூட்டினதும் நூலக் கழட்ட மாட்டீங்களா?" என்றாள் போனில். பழைய அதட்டல்.

"நீ கட்டினது. எனக்குக் கழட்ட மனசு வரல."

ஸ்வர்ணலதா சொன்னாள்: "பாவுல ரெண்டு சேலை பாக்கி கீதுங்க. நடுவுல அறுத்துட்டு எந்திரிக்க முடியாது. ஒரு மாசம் ஆவும்." தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் போன் கட்டானது.

புது பிஸ்டன் போட்ட இஞ்சின். முதல் ஆயிரம் கிலோமீட்டர் அடக்கித்தான் ஓட்ட வேண்டும், மிதிக்கக் கூடாது. சாவியை அவன் பக்கம் தள்ளினார் ராஜவேலு. "எனக்கு அந்தப் பொறுமை இல்லப்பா. நீயே ஓட்டிப் பழக்கு. தேவிகாபுரம் ரோடு நல்லாக்கீதாம்."

அன்று சாயங்காலமே கிளம்பினான். ஆரணியிலேயே வேகமான வண்டி நாற்பதைத் தாண்டாமல் போயிற்று. டவுன் பஸ் முந்தியது, மொபெட்டில் பால் கேன் கட்டிய ஆள்கூட முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பாலு வீட்டு வாசலில் நிறுத்தினான். தறி நின்றது. ஸ்வர்ணலதா வெளியே வந்தாள். எட்டு மாதத்தில் இளைத்திருந்தாள். அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இஞ்சின் மூடியத் தெறங்க" என்றாள். சூடு ஆறும்வரை நின்று, ஒவ்வொரு நூலாக நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டான்.

மேல் திருகில் இருந்த நீலத்தையும் பச்சையையும் மட்டும் அவள் தொடவில்லை.

"இதும் கருகிடாதா?" என்றான்.

"இங்க சூடு வராது" என்று மூடியை இறக்கினாள். பக்கத்து சீட்டில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்து, அந்த சீட்டை ஒரு தரம் துடைத்தாள். உட்காரவில்லை. "இன்னிக்குத் தறியில ஓடறது இன்னா கலருன்னு கேட்டுட்டுப் போங்க" என்றாள்.

"இன்னா கலரு?"

"நாளைக்கு வந்து பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.